அக்கா மகளின் பாவாடை

அக்கா வீட்டுக் கொடியில் எந்த நேரமும் ஒரு சின்னப் பாவாடை காய்ந்துகொண்டிருக்கும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நானும் அக்காவும் ஒரே மேசையில் செக்கிங் பார்த்தோம். லைன் வீட்டிலும் அடுத்தடுத்த குடித்தனம். எங்களுக்குள் உறவு ஒன்றுமில்லை. கணவர் இறந்தபின் மகளைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா.

அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் பகலிலும் இரவிலும் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிந்துகொண்டே இருந்தது. பனியன் வேஸ்ட் துணியை மடித்து உள்ளே வைத்து அக்கா பள்ளிக்கு அனுப்புவார். வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டியும் நிற்கவில்லை. வேண்டுமென்றே செய்கிறாள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அடித்துப் பார்த்த அக்கா, ஒருநாள் கரண்டியைக் காயவைத்துத் தொடையில் சூடு போட்டுவிட்டார். அலறல் கேட்டு நான் ஓடியபோது, மகளைக் கட்டிக்கொண்டு அவரும் அழுதுகொண்டிருந்தார்.

பிறகு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. "வாங்க்கா, கோயமுத்தூருக்கே போயிரலாமுங்க" என்று நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் கேட்டார்: "பாத்ரூம் ஒழுங்கா போறாளாம்மா?"

"போவா சார். போய்ட்டு வந்த ஒடனேயும் நனையுது" என்றார் அக்கா.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். படுக்கவைத்துப் பார்த்தபோது தழும்பு கண்ணில் பட்டது. "இதென்ன கண்ணு?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். "நானே அடுப்புல பட்டுக்கிட்டேன்."

ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் ஒன்று, பிறவியிலேயே சிறுநீர்ப்பையில் சேராமல் அதற்குக் கீழே திறந்திருந்ததாம். "இவ வேணும்னு பண்ணலம்மா. எவ்வளவு அடக்கினாலும் அது நிக்காது" என்றார் டாக்டர். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் குழாயைப் பையோடு சேர்த்துத் தைத்தார்கள். செருகியிருந்த டியூபையெல்லாம் எடுத்த மறுநாள் காலை, அவள் விரிப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். "யம்மா, தொட்டுப் பாரேன். காஞ்சிருக்கு!"

அக்கா தொடவில்லை. வராந்தாவுக்கு ஓடிப்போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார். குழந்தை முகம் வெளுத்து என்னிடம் கேட்டது: "அம்மா ஏன் அழுவுதா? இன்னைக்கு நான் ஒண்ணும் பண்ணலியே."

இப்போது அவள் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். அம்மாவைத் தாங்குகிறாள். சென்ற மாதம் போயிருந்தேன். உள்ளே அவள் அம்மாவுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏம்மா எனக்குச் சூடு வச்சன்னு ஒரு தடவை கேட்டுட்டான்னா, அவ காலப் புடிச்சு அழுதுருவேன் புள்ள. கேக்கவே மாட்டேங்கா."