வயர் இல்லாத கொடியேற்றம்

உதயகலாவுக்கு இரண்டு வீடுகள். ஒன்று சாவகச்சேரிக்குப் பக்கத்தில் கிணறும் பலாமரமும் உள்ள கல்வீடு. மற்றது ஆறு சில்லு பூட்டிய வீடு. பழைய ரோசா பஸ் ஒன்றின் இருக்கைகளையெல்லாம் கழற்றிவிட்டு, அவளுடைய கணவன் கோபிசங்கர் உள்ளே ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி, சுவரோடு மடியும் ஒரு மேசை என்று பொருத்தியிருந்தான். திருவிழாக் காலம் தொடங்கினால் இருவருக்கும் அதுதான் குடியிருப்பு. இந்தக் கோயிலில் பத்து நாள், அடுத்த கோயிலில் பன்னிரண்டு நாள் என்று குடாநாடு முழுவதும் சுற்றுவார்கள். திருவிழாக்களை நேரலையாக வெளிநாடுகளுக்கு அனுப்புவதுதான் அவர்களுடைய தொழில்.

அவன் கமராவோடு கோயிலுக்குள் நிற்பான். அவள் பஸ்ஸுக்குள், கொம்பியூட்டருக்கு முன்னால். பஸ்ஸின் கூரையில் ஒரு கமரா, அவன் தோளில் ஒரு கமரா. எந்தக் கமராவின் படமும் சத்தமும் போக வேண்டும் என்று மாற்றிவிடுவதும், இடையிடையே நேர்முக வர்ணனை சொல்வதும் அவள் வேலை. "படம் எடுக்கிறது நான்" என்று அவன் பெருமையடிப்பான். அதை உலகத்துக்குக் காட்டுவதா விடுவதா என்று தீர்மானிப்பது தான் என்பதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாமலே அவனுக்கு விளங்கியிருந்தது.

வேலையில் அவள் கெட்டிக்காரி. ஆனால் போன வருடம், அதுவும் சொந்த ஊர்ப் பிள்ளையார் கோயிலில், அவளுக்கு ஒரு பெரிய பிழை நடந்துவிட்டது.

அந்தக் கோயிலில் கொடியேற்ற நாள் உபயம் அவர்கள் குடும்பத்துடையது. அப்பா இருக்கும்வரை அப்பா செய்தார். அவருக்குப் பிறகு அது அண்ணன் குகதாசனுக்கு வந்தது. குகதாசன் சுவிற்சர்லாந்துக்குப் போய்ப் பதினேழு வருடம். அகதி அட்டையோடு இருப்பதால் இங்கே வர முடியாது. காசை அனுப்பலாம், ஆளை அனுப்ப முடியாது. கொடி ஏறுவதற்கு முன்னால் ஐயர் சங்கற்பம் செய்து, உபயகாரரின் நட்சத்திரத்தையும் பெயரையும் சொல்லுவார். பிள்ளையாருக்கு முன்னால் தன் பெயர் சொல்லப்படுவதைக் கேட்பது ஒன்றுதான் அண்ணனுக்கு மிச்சம். அதற்காக அவன் வேலைக்கு லீவு போட்டு, விடியப் பனிக்குளிரில் முழுகி, வேட்டி கட்டி, டிவிக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தான். ஐயர் வாயைத் திறந்த நேரம் பார்த்து, உதயகலா எழும்பியபோது கீபோர்ட் வயர் அவள் காலில் மாட்டியது. அதோடு கொம்பியூட்டரின் பிளக்கும் கழன்றது. அண்ணன் வீட்டு டிவி கறுத்தது. எல்லாவற்றையும் கொளுவித் திரும்பப் படம் போனபோது ஐயர் விபூதி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கோபிக்கவில்லை. "பரவாயில்லை, கலா" என்றான். அவன் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தப் "பரவாயில்லை" ஒரு வருடம் முழுவதும் அவளைக் குடைந்தது.

இந்த வருடம் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது அவள் உத்தரவு போட்டாள். "இனி இந்த மேசையிலை ஒரு வயரும் கிடக்கக் கூடாது."

யாழ்ப்பாண நகரில் முனாஸ் நானாவின் கடைக்கு முன்னால், தெருவின் பாதியை அடைத்துக்கொண்டு பஸ் நின்றது. முனாஸ் நானா, இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, தகப்பனின் பழைய ரேடியோக் கடை இருந்த இடத்திலேயே கொம்பியூட்டர்க் கடை போட்டவர். சாமானைக் காட்டுவதற்கு முன்னால் சாமான் இருக்கப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. செருப்பைக் கழற்றிவிட்டு பஸ்ஸுக்குள் ஏறி, மேசையைத் தட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, மேசை சரிஞ்செல்லோ கிடக்கு?"

"கோயில் வீதி எல்லாம் மட்டமாவே இருக்கு நானா? ஒரு பக்கம் பள்ளத்திலைதான் பஸ் நிக்கும்."

"அப்ப மவுஸ் வழுக்கும். பாரமானதா எடுங்கோ. கீழை விரிக்க ரப்பர்த் துண்டொண்டு தாறன்."

கோபிசங்கருக்கு ஏழு நிறத்தில் வெளிச்சம் அடிக்கும் கீபோர்ட் ஒன்றில் கண். திருவிழாச் சோடனை மாதிரி அது மினுங்கியது. உதயகலா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். வெளிச்சம் பற்றரியைத் தின்னும். ஜெனரேற்றர் நின்றுபோகிற நேரத்தில் சார்ஜ் ஏற்ற எங்கே போவது? எந்தப் பெட்டிக்கடையிலும் வாங்கக்கூடிய சாதாரண பற்றரி போடுவதுதான் அவளுக்கு வேண்டும். எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும். அமத்தினால் சத்தம் வரக் கூடாது.

"சத்தத்திலை என்ன கிடக்கு?" என்றான் கோபிசங்கர்.

"போன வரியம் நான் மவுஸை அமத்திற சத்தத்தைக் கேட்டிட்டு, பூசை நேரம் பல்லி சொல்லுது, நல்ல சகுனம் எண்டு கனடாவிலையிருந்து எத்தினை பேர் எழுதினவை? மறந்து போனியளே?"

முனாஸ் நானா சிரித்துக்கொண்டே சத்தமில்லாத மவுஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதோடு வரும் நகமளவு ரிசீவரைக் கொம்பியூட்டருக்குப் பின்னால் செருகாமல், சின்ன நீட்டு வயர் ஒன்றில் மேசைக்குக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். இத்தனை போனும் மைக்கும் நெருங்கி நிற்கிற கோயில் வீதியில் எட்ட வைத்தால் தடக்கும் என்று விளக்கினார். "ஒரு வயரும் கூடாதெண்டு வந்திட்டு வயர் வாங்கிறம்" என்று கோபிசங்கர் முணுமுணுத்தான். அதைக் கட்டிலடியோடு டேப் போட்டு ஒட்டிவிடலாம் என்று அவள் முடிவு கட்டினாள்.

ஹெட்செட்டில்தான் நேரம் போனது. இரண்டு காதையும் மூடுவதைப் போட்டால் கோயில் மணி கேட்காது. மணி கேட்காவிட்டால் பூசை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாது. கடைசியில் ஒற்றைக் காதுக்கு மட்டும் வருகிற ஒன்றைத் தேடி எடுத்தார்கள்.

"ஒரு குறை இருக்கு, தங்கச்சி. மைக்கை மூட இதிலை பொத்தான் இல்லை. கொம்பியூட்டரிலைதான் மூட வேணும்."

"அப்ப உவவின்ரை வாயை மூட ஒரு வழியும் இல்லையெண்டு சொல்லுறியள்" என்றான் கோபிசங்கர். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். உதயகலாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் திரும்பிப் போகும்போது சாவகச்சேரி வரையும் அவள் அவனோடு கதைக்கவில்லை.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் மூன்று முறை எல்லாவற்றையும் பரீட்சித்தாள். மவுஸ் வெண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடியது. பழைய மவுஸையும் கீபோர்ட்டையும் வீட்டில் ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்திருந்தாள். எண் விசையை அமத்தினால் கமரா மாறும்படி கீபோர்ட்டைச் சரிப்படுத்தித் தருகிறேன் என்று கோபிசங்கர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

காலையில் முழுகிவிட்டு, வேலை தொடங்குவதற்கு முன்னால், புதுச் சாமான்களுக்குப் பூசை போட்டாள். புதுச் சைக்கிள் வாங்கினாலும் புது மிக்ஸி வாங்கினாலும் சந்தனம், குங்குமம் வைக்காமல் அவள் தொடுவதில்லை. கொம்பியூட்டருக்கு ஒரு பொட்டு. கீபோர்ட்டின் மூலையில் ஒன்று. ஹெட்செட்டின் வளைவில் ஒன்று. மவுஸுக்கு மேலே வைத்தால் கை பட்டு அழிந்துவிடும். அதனால் அதைத் திருப்பினாள். பற்றரியை மிச்சம் பிடிக்க இரவே நிற்பாட்டி வைத்திருந்த மவுஸின் அடியில், பொட்டு வைக்கவென்றே செய்த மாதிரி ஒரு சின்னக் குழி இருந்தது. சந்தனத்தை அதில் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துக் கும்பிட்டாள். "பிள்ளையாரே, இந்த முறையாவது அண்ணை தன்ரை பேரைக் கேக்க வேணும்."

மவுஸின் சுவிச்சைப் போட்டாள். ஏழரை மணிக்கு நேரலை தொடங்கியது. ஹெட்செட் மைக்கும் கூரைக் கமராவும் தாமாகவே உயிர்பெற்றன. வணக்கம் சொன்னாள், உபயகாரர் யார் என்று சொன்னாள். உள்ளே மணி அடித்தது. இனி மைக்கை மூடிவிட்டு உள் கமராவுக்கு மாற வேண்டும். மவுஸை அசைத்தாள். அம்புக்குறி அசையவில்லை.

தட்டினாள். ரிசீவரைக் கழற்றிச் செருகினாள். மேல் மூடியைத் திறந்து பற்றரியை மாற்றினாள். அம்புக்குறி போட்ட இடத்திலேயே கிடந்தது. திரையில் கோயில் வாசலும், அதற்கு முன்னால் வாழைத் தோரணத்தைத் தின்று கொண்டிருந்த ஓர் ஆடும். சுவிஸில் அண்ணன் இப்போது அந்த ஆட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"நானா, உங்கடை மூதேவி மவுஸ் செத்துப் போச்சு!"

"பதறாதேங்கோ தங்கச்சி. பற்றரி?"

"மாத்தியாச்சு!"

"அடிப்பக்கம் சிவப்பா ஒரு வெளிச்சம் தெரியுதா பாருங்கோ."

திருப்பிப் பார்த்தாள். "சிவப்பாத்தான் கிடக்கு நானா!"

"நல்லாத் தெரியுதா?"

"நல்ல சிவப்பு! வட்டமா!"

"வட்டமா வர ஞாயமில்லையே. கையை நீட்டிப் பிடியுங்கோ, வெளிச்சம் உள்ளங்கையிலை படுதா?"

உள்ளங்கையில் வெளிச்சம் படவில்லை. சந்தனம் பட்டது.

"ஐயோ நானா, நான் பொட்டு வைச்சிட்டன்!"

"எதுக்கு?"

"மவுஸுக்கு!"

"அதின்ரை கண்ணிலையா வைச்சனீங்கள்? துடையுங்கோ தங்கச்சி, கெதியாத் துடையுங்கோ!"

பூசையில் வைத்த பொட்டை நிலத்தில் தேய்க்க அவளுக்கு மனம் வரவில்லை. விரலால் வழித்துத் தன் நெற்றியில் பூசினாள். மிச்சத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். குழிக்குள் செக்கச் சிவந்த வெளிச்சம் தெரிந்தது. மவுஸை ரப்பரில் வைத்ததும் அம்புக்குறி பாய்ந்தது. உள் கமரா. கொடிமரம். ஐயர் நீரை விட்டுச் சங்கற்பத்துக்குக் கையெடுத்தார். அனுஷ நட்சத்திரம் என்றார். குகதாசன் என்றார். பிறகு அண்ணியின் பெயர், பிள்ளைகளின் பெயர்கள், ஒவ்வொன்றாக, ஓர் எழுத்தும் விழாமல். உதயகலா மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கொடி ஏறி முடிந்த பிறகுதான் பார்வையாளர்கள் எழுதியதைத் திறந்து பார்த்தாள். வழமையாக "விநாயகா போற்றி" என்று நூறு வரும். இன்றைக்கு நானூற்றுக்கு மேல். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "பற்றரியை மாத்தியாச்சு எண்டு சொல்லுறா, பிறகென்ன?" என்று லண்டனிலிருந்து ஒருவர். "ஆட்டைக் கலையுங்கோ" என்று ஜேர்மனியிலிருந்து இன்னொருவர். "அடியைத் துடைச்சுப் பார் பிள்ளை, எனக்கும் உப்பிடி நடந்தது" என்று நோர்வேயிலிருந்து ஓர் அம்மா, முனாஸ் நானாவுக்கு முந்தியே எழுதியிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மவுஸ் ஓடாததால் மைக்கை மூட முடியவில்லை, ஓடியபோது மூட மறந்துவிட்டாள். மூதேவியிலிருந்து பொட்டுவரை எல்லாம் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு கட்டிலில் விழுந்தாள். கோபிசங்கர் மேலில் துணியில்லாமல் வேட்டியோடு ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு, பஸ் படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

போன் அடித்தது. அண்ணன்.

"அண்ணை, பேர் கேட்டதே?" என்றாள் அவசரமாக. "மற்றதையெல்லாம் விடுங்கோ. பேர் கேட்டதே?"

"ஓமோம், கேட்டது. எழும்பி நிண்டு கும்பிட்டனாங்கள்." குகதாசன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. "ஆனா கலா, பேர் கேட்ட நேரமும் நான் இஞ்சை சுவிஸிலைதான் நிண்டனான். அதுக்கு முதல் நீ கத்தினியே, அப்பதான் ஊரிலை நிண்டன். எங்கடை வீட்டிலை ஆரும் கத்தாமல் எந்தக் கொடியேற்றத்துக்குப் போனனாங்கள், சொல்லு பாப்பம்?"

அவளுக்கு ஞாபகம் வந்தது. சால்வையைக் காணவில்லை என்று அப்பா கத்துவார், தேங்காயைக் காணவில்லை என்று அம்மா கத்துவா, இரண்டுக்கும் அண்ணனுக்கு அடி விழும்.

"அடுத்த வரியமும் மைக்கை மூடாதை" என்றான் அண்ணன்.

"பொட்டு?"

"பொட்டையும் வை. ஆனா மேலை வை."