கைக்குட்டையில் பதினைந்து சொட்டு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பிறகு அப்பாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை கிடைத்தது. முத்தாபுதுப்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஒரு வீடும் எழும்பியது. நான் வேதியியல் படித்து முடித்து, அதே தொழிற்பேட்டையில் சோப்புக்கும் ஊதுவத்திக்கும் வாசனை கலந்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் லேபில் உதவியாளனாகச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

அந்த லேபில்தான் எனக்குத் தைலப் பைத்தியம் பிடித்தது. ஒரு மூட்டை இலையை ஆவியில் வேகவைத்தால் கடைசியில் ஒரு சின்ன பாட்டில் எண்ணெய்தான் மிஞ்சும். ஆனால் அந்த ஒரு பாட்டிலுக்குள் மூட்டை முழுவதும் உட்கார்ந்திருக்கும். சோதனைக்கு வந்த மாதிரிகளில் மிச்சம் இருந்தால் மேலாளரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வருவேன். யூகலிப்டஸ், கிராம்பு, புதினா, எலுமிச்சைப்புல் என்று பழுப்பு நிறக் குட்டி பாட்டில்கள் எங்கள் சமையலறை மாடத்தில் வரிசை கட்டி நின்றன.

அப்பாவின் முழங்காலுக்கு ஒரு கரண்டி நல்லெண்ணெயில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ். அம்மாவின் சொத்தைப்பல்லுக்குத் தேங்காய் எண்ணெயில் கலந்த கிராம்புத் தைலம், பஞ்சில் ஒரே ஒரு ஒற்று. தரை துடைக்கும் தண்ணீரில் எலுமிச்சைப்புல் எண்ணெய் விட்டால் வீடே கழுவிவிட்ட மாதிரி மணக்கும். ஈயும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் உள்ளே வரும். எதையும் அப்படியே தோலில் தடவக் கூடாது, குடிக்கவே கூடாது, சின்னக் குழந்தைகள் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று தெருவில் எல்லாருக்கும் பாடம் எடுப்பேன். சளி பிடித்தால் ஜனங்கள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் அளவுக்குப் பெயர் பரவியிருந்தது. அப்பாவுக்கு மட்டும் இதெல்லாம் வேடிக்கை.

"டாக்டரய்யா, கோழி ஒண்ணு தூங்கிகினே கீது. அதுக்கு எத்தினி சொட்டு?" என்பார்.

நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். சொட்டு எண்ணுவதில் எனக்கு அவ்வளவு கர்வம்.

அந்த வருஷம் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு வீட்டில் கூரையைப் பார்த்து வேண்டாம் என்றார்கள். இன்னொரு வீட்டில் என் வேலையைக் கேட்டுவிட்டு, "சோப்பு கம்பெனியா? சோப்பு செய்றவரா, விக்கிறவரா?" என்று விசாரித்ததோடு சரி. மூன்றாவதாக வந்தது வானகரத்துச் சம்பந்தம். பெண் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். புகைப்படத்தில் கேமராவைப் பார்த்து, 'சீக்கிரம் எடுத்துத் தொலையேன்' என்கிற முகத்தோடு நின்றிருந்தாள். அந்த முகம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்தப் படத்தை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்க நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். இந்த இடம் அமைந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. சாதாரணமாக அல்ல, மூச்சுக்கு ஒரு தும்மல்.

அம்மா அரண்டுபோனாள். எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் பேசும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் பேச்சை அதோடு நிறுத்திவிடுவார்கள். இரட்டைத் தும்மல் என்றால் குற்றமில்லை, சொல்லப்போனால் நல்லது. ஆனால் தும்மலை யார் ஜோடி போட்டு அனுப்ப முடியும்?

"டேய், பொண்ணு வந்து நிக்கும்போது ஒத்தத் தும்மல் போட்டுத் தொலச்சினா அவ்ளோதான். மூணாவது எடமும் பூடும்," என்றாள்.

"தும்மல் சகுனமெல்லாம் சும்மாம்மா. மூக்குச் சவ்வுல ஏற்படுற எரிச்சல்தான்."

"அத அவங்க ஊட்டுல போயி சொல்லு. மால போட்டு அனுப்புவாங்க."

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பெண்ணை இழக்கவும் மனமில்லை. ஆகவே விஞ்ஞான முறைப்படி ஒரு முடிவுக்கு வந்தேன். கைக்குட்டையில் யூகலிப்டஸ் ஒரு சொட்டு விட்டு முகர்ந்தால் பத்து நிமிடத்துக்குத் தும்மல் வராமல் இருந்தது. கடிகாரம் வைத்தே பார்த்தேன். ஆவடிக்குப் போய், பூந்தமல்லியில் பஸ் மாறி, வானகரம் போய்ச் சேர்ந்து, பேசி எழுந்திருக்க மொத்தம் இரண்டரை மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் இரண்டரை மணி நேரத்துக்குப் பதினைந்து சொட்டு. எட்டு யூகலிப்டஸ், ஏழு புதினா. டிராப்பரால் ஒவ்வொன்றாக எண்ணி விட்டு, கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பதினைந்தும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கும் என்பது, வேதியியல் படித்த எனக்குத் தோன்றவே இல்லை.

பஸ்ஸில் எங்கள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. பூந்தமல்லியில் ஒருவர் உட்கார்ந்து, மூக்கைச் சுளித்து, எழுந்து நின்றுகொண்டார். ஆனால் வானகரம் வரை ஒரு தும்மல்கூட இல்லை. அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

பெண் வீட்டில் எங்களை ஜமக்காளத்தில் உட்காரவைத்தார்கள். பெண்ணின் அப்பா அதிகம் பேசாத மனிதர். பேச்செல்லாம் அவளுடைய தாய்மாமன்தான்; நெடுஞ்சாலை ஓரம் லாரிப் பட்டறை வைத்திருப்பவர், அதற்கேற்ற குரல். உள்ளே வந்ததுமே மோந்து பார்த்தார்.

"யாருக்குப்பா காலு சுளுக்கு?"

மின்விசிறி சுற்றச் சுற்ற என் சட்டைப்பை அந்த வீடு முழுவதற்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது.

பெண் காபித் தட்டோடு வந்தாள். புகைப்படத்தில் இருந்த அதே முகம். இப்போது கொஞ்சம் சிரிப்பை அடக்கிக்கொண்டு. எனக்கு வேர்த்துக் கொட்டியது. டம்ளரை ஒரு கையில் வாங்கிக்கொண்டதும் மறு கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கைக்குட்டையை எடுத்து, நெற்றியில் தொடங்கிக் கண், கன்னம் என்று ஒரே இழுப்பாகத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த நொடி இரண்டு கண்ணிலும் மிளகாயை அரைத்து அப்பியது போல இருந்தது. கண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்பாவின் மடியில் வைத்தேன்.

"இன்னாபா இது, மாப்ள அழுவுறாரு?" மாமாவின் குரல்.

"எம்புள்ள படிச்ச புள்ளைங்க. எளகின மனசு," என்றார் அப்பா, நிலைமையைச் சமாளிக்க.

"எளகின மனசுனா சரி நைனா. பொண்ணப் பாத்ததும் எதுக்கு எளகுது? டேய் தம்பி, இஸ்டம் இல்லாம இட்டாந்துட்டாங்களா? மனசுல வேற யாராச்சும் கீறாங்களா? தைரியமா சொல்லு."

இல்லை, இது தைலம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயிலிருந்து சொல் வருவதற்குள் மூக்கிலிருந்து அது வந்துவிட்டது. வீட்டிலிருந்து கிளம்பியது முதல் அடக்கி வைத்திருந்த தும்மல். ஜன்னல் கம்பியே அதிர்ந்திருக்கும்.

ஒன்று.

வீடு அப்படியே நின்றது. எல்லாரும் இரண்டாவதுக்குக் காத்திருந்தார்கள். கண்ணைத் திறக்க முடியாவிட்டாலும் அத்தனை பேரும் என் மூக்கையே பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அம்மா என் இடுப்பில் விரலால் குத்தினாள்.

"இன்னொன்னு போடுறா," என்றாள் காதோரம்.

வரவில்லை. புதினா மூக்கைக் குளிரவைத்து மரத்துப்போகச் செய்திருந்தது. நான் எவ்வளவோ முயன்றேன். வாயைப் பிளந்தேன், தலையைத் தூக்கினேன். வெறும் காற்றுதான்.

பெண்ணின் அப்பா முதன்முறையாகப் பேசினார். "சரி. இன்னொரு நாளு பாத்துக்கலாங்க." அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு வீடுகளில் கேட்டுப் பழகிய எங்களுக்குத் தெரியும். அப்பா துண்டை உதறித் தோளில் போடும் சத்தம் கேட்டது. எனக்கு இப்போது நிஜமாகவே அழுகை வந்தது; தைலக் கண்ணீரோடு கலந்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் அவள் பேசினாள்.

"மாமா, அவரு அழுவல. கண்ணுல தைலம். கைக்குட்டையப் பிரிக்கும்போதே எனக்கு மூக்கெரிஞ்சிச்சி. எங்க நைனாவும் முட்டிக்கி மருந்து தேச்ச கையோட கண்ணக் கசக்கிகினு வாராவாரம் குதிப்பாரே, அந்த மாரிதான். கொல்லாண்ட இட்டுகினு போ."

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். மறுக்கவில்லை.

மாமா என்னைக் கையைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்கு நடத்திப்போனார். நான் தடவித் தடவிக் கைப்பம்பை நோக்கிப் போக, "இருங்க, மொதல்ல தண்ணி ஊத்தாதீங்க, எண்ண தண்ணியில போவாது," என்றாள் அவள், கதவருகே நின்றபடி. பஞ்சும் தேங்காய் எண்ணெயும் வந்தன. அவள் சொல்லச் சொல்ல, லாரி சக்கரம் கழற்றும் அந்த விரல்களால் மாமா என் மூடிய இமைகளை மேலாகத் துடைத்தார். "உள்ள போடாத மாமா, மேல மட்டும். அழுத்தாத, அது டயரு இல்ல." பிறகுதான் தண்ணீர், குடம் குடமாக. இதெல்லாம் எனக்கும் தெரிந்த விஷயம்தான். தெருவுக்கே பாடம் எடுத்தவன் ஆயிற்றே. ஆனால் அந்த நேரத்துக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

எரிச்சல் அடங்கி நான் கண்ணைத் திறந்தபோது அவள் கேட்டாள்: "எத்தினி சொட்டு உட்டீங்க?"

"பதினஞ்சு."

"பதினஞ்சா! எதுக்கு?"

கணக்கைச் சொன்னேன். பத்து நிமிடம், இரண்டரை மணி நேரம், எல்லாம்.

"அது இன்னா பஸ் டிக்கெட்டா, ஸ்டேஜுக்கு ஒண்ணுனு போட?" என்றாள். மாமா சிரித்த சிரிப்பில் கைப்பம்பின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை எழுந்து பறந்தது.

சிரித்து முடித்ததும் மாமா தலையைச் சொறிந்தார். "கண்ணு சரியாப் பூட்ச்சி. ஆனா தும்மலு? உள்ள பெருசுங்க அதத்தான் புட்சிகினு உக்காந்துகினு கீதுங்க."

"அந்தக் கைக்குட்டைய தூரப் போடச் சொல்லு. வெயில்ல நின்னு அண்ணாந்து பாக்கச் சொல்லு. எனக்கு எப்பவும் அப்பிடித்தான் வரும்."

முருங்கை மர நிழலைவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். நண்பகல் வெளிச்சம், கழுவிய கண்ணில் சுளீரென்று விழுந்தது. மூக்கின் நுனியில் ஓர் எறும்பு ஊர்ந்தது. வருகிறது, வருகிறது, நின்றுவிட்டது. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வந்தது. முதலாவதைவிடப் பெரியது.

"ரெட்ட!" என்று மாமா போட்ட சத்தம் நெடுஞ்சாலை வரை கேட்டிருக்கும். "ரெட்டத் தும்மல்! எல்லாம் கேட்டுக்கங்க!"

உள்ளே யாரோ ஒரு பெரியவர், நடுவில் கால் மணி நேரம் ஆகிவிட்டதே, அது எப்படி இரட்டையாகும் என்று ஆட்சேபம் எழுப்பினார். மாமா கூடத்துக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நடுவுல வேற யாராச்சும் தும்முனீங்களா?"

யாரும் தும்மியிருக்கவில்லை.

"அப்ப அதுக்கு அடுத்தது இதுதானே? ரெட்டதான். உக்காருங்க எல்லாரும்."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். பெண்ணின் அப்பா மகளைப் பார்த்து, "உனுக்கு இன்னாம்மா தோணுது?" என்றார். அப்படிச் சபையில் கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதற்காகவே அவரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

அவள் தரையைப் பார்த்தபடியே, "படிச்சவருதான். சொட்டு எண்ணத்தான் தெரியல," என்றாள். பிறகு, "நா பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டாள்.

இப்போது மாடத்து பாட்டில்கள் அவள் பொறுப்பு. டிராப்பரை என் கையில் தருவதில்லை. தெருவில் யாராவது சளி என்று வந்தால் நான் இலை, ஆவி, வேதியியல் என்று விளக்கம் சொல்வேன். அவள் கொதிக்கும் தண்ணீரில் இரண்டே சொட்டு விட்டுக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆவி பிடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவாள்.

ஆனால் அன்று மாலை பஸ்ஸில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அம்மா மடியில் அவர்கள் கொடுத்த வெற்றிலை பாக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் என் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டாள். சட்டென்று ஒரு கையை எடுத்து என் மூக்கை அழுத்திப் பிடித்தாள்.

"அவங்க ஊரு தாண்டுறதுக்குள்ள மூணு ஆயிடும்டா! பொறு!" ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். எந்த இடமென்று புரியாமல் கண்டக்டரைக் கூப்பிட்டாள். "அண்ணாத்தே, வானகரம் தாண்டிட்டமா?"

"அப்பவே தாண்டியாச்சும்மா. வேலப்பன்சாவடியே வரப்போவுது."

அம்மா கையை எடுத்தாள். "இப்ப தும்மு," என்றாள்.

பூந்தமல்லி வரை தும்மிக்கொண்டே வந்தேன்.