வலது ஓரம்

குதிரை வண்டிப் பந்தயம் முடிந்த கையோடு இன்னொரு பந்தயம் டீக்கடையில் ஆரம்பிக்கும். ஜெயித்தது குதிரையா, ஓட்டியவன் கையா, புறப்பட்ட இடமா? மதுக்கரைப் பக்கத்து ஊர்களில் இந்தப் பேச்சு வந்தால் முன்பெல்லாம் அப்துல் மஜீதை யாராலும் மடக்க முடியாது. "குதிரை ஓடும்ங்க, நல்ல எடமும் கெடைக்கும்ங்க. ரெண்டையும் சேத்துப் புடிக்கறது இந்தக் கைதானுங்க" என்று, கடிவாள வார் அழுத்திக் காய்த்துப்போன உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். இப்போது காட்டுவதில்லை. யாராவது வம்புக்கு இழுத்தால் டீயைக் குடித்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்.

உக்கடத்துக்காரர். வார நாட்களில் ஆட்டோ, ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம். சொந்தமாக ஒரு குதிரைகூட வைத்திருந்ததில்லை. பிறர் குதிரைகளை ஓட்டுவார். அதிக காலம் ஓட்டியது தனபாலின் குதிரைகளை. தனபாலுக்கு மதுக்கரைக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு, தோப்பை ஒட்டி லேத் பட்டறை, பட்டறைக்குப் பின்னால் லாயம். லாயத்தில் மைனா என்ற கருஞ்சிவப்புப் பெண் குதிரை. அதை வண்டிக்குப் பழக்கியது மஜீத்தான்.

பந்தயம் தார்ச்சாலையில் நடக்கும். தூரத்தில் ஒரு டிரம் வைத்திருப்பார்கள். அதைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். சாலையின் அகலத்துக்கு ஒரு வரிசையில் நான்கு வண்டிகள் நிற்கலாம், மிச்சம் பின்னால். யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

மைனாவுக்கு மஜீத் எப்போதும் வலது ஓரத்தையே பிடிப்பார். சீட்டில் விழாவிட்டால் சிரித்துப் பேசி மாற்றிக்கொள்வார். "நமக்கு வலது ஓரந்தானுங்க ராசி" என்பார். மற்றவர்கள் நம்பினார்கள். தனபாலும் நம்பினார்.

உண்மை வேறு. லாரி போகும் சாலையில் குதிரையைப் பழக்கக் கூடாது என்று தனபால் முதலிலேயே சொல்லியிருந்தார். ஒரு விடியற்காலையில் மஜீத் அங்கேதான் ஓட்டினார். நேரான சாலை, வழுவழுப்பான தார். முந்திப்போன டிப்பர் லாரியிலிருந்து அவிழ்ந்து தொங்கிய தார்ப்பாய்க் கயிறு மைனாவின் வலது தோளில் விளாசிவிட்டுப் போனது. "வேலிக் கம்பி கீறிப்போடுச்சுங்க" என்று சொல்லி மஞ்சள் வைத்துக் கட்டினார். காயம் ஆறியது. ஆனால் அன்றிலிருந்து வலது பக்கமாக எது நெருங்கி வந்தாலும் மைனா தலையைத் தூக்கிவிடும், ஓட்டம் உடைந்துவிடும். வலது ஓரத்தை ஒட்டியே ஓடினால் அந்தப் பக்கம் வேறு வண்டி வர வழியில்லை. அவ்வளவுதான் ராசி.

போன வருடம் தனபாலின் மகன் ஹர்ஷா லாயத்தை இடித்துப் பட்டறையை நீட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். தனபாலுக்கு மனதில்லை. சித்திரை நோன்பித் திருவிழாப் பந்தயத்துக்குக் கிளம்பும்போது சொன்னார்: "மொத மூணுல வந்துட்டா அவன் வாய அடைச்சுப்போடலாம் பாய். இல்லீன்னா ஆடியில அந்தியூர்க் குதிரைச் சந்தைதான்."

சீட்டில் வலது ஓரமே விழுந்தது. மஜீத் வண்டியை நிறுத்தப் போனபோது வெள்ளியங்கிரி வந்தார். தனபாலின் மகள் பிரவீனாவை அவருடைய மகனுக்குத்தான் நிச்சயம் செய்திருந்தார்கள்.

"ஏனுங்க சம்பந்தி, வலது ஓரம் உங்களுதுங்களா? நம்ம குதிரை புதுசுங்க, நடுவுல நின்னா மெரளுது."

"அட, எடுத்துக்கங்க! இதுக்கெல்லாம் கேக்கோணுங்களா?" என்றார் தனபால். பெண் கொடுக்கும் இடத்தில் வேறெப்படிச் சொல்ல முடியும்?

"அண்ணா, நம்ம ராசி..." என்று இழுத்தார் மஜீத்.

"ராசி என்ன பாய் ராசி! கைதான் பெருசுன்னு ஊரெல்லாம் சொல்லுவ?"

"பாயோட கைக்கு எடமெல்லாம் ஒரு பொருட்டுங்களா!" என்றார் வெள்ளியங்கிரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் லாரியைச் சொல்ல வேண்டும், வேலிக் கம்பிப் பொய்யைச் சொல்ல வேண்டும். பழுதுள்ள குதிரை என்று தெரிந்தால் தனபால் அன்றைக்கே விற்றுவிடுவார் என்று மஜீத் நினைத்தார். கூடவே, கை சமாளித்துவிடும் என்றும் நினைத்தார். வண்டியை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

விசில் ஊதியதும் மைனாதான் முந்தியது. டிரம் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் வெள்ளியங்கிரியின் குதிரை வலது ஓரமாக ஏறி வந்தது. மைனா தலையைத் தூக்கியது. மஜீத் வாரை இழுத்தார், தளர்த்தினார், "போ கண்ணு, போ கண்ணு" என்று கெஞ்சினார். கையால் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார். ஐந்தாவதாக வந்தார்.

தனபால் திட்டவில்லை. மைனாவின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, "வயசாயிப்போச்சாட்ட இருக்குது" என்றார்.

"ஆமாங்ணா" என்றார் மஜீத்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றுவரை அவரால் விழுங்க முடியவில்லை.

ஆடியில் அந்தியூர். சத்தியமங்கலத்துக் கதிரேசன் துண்டுக்கடியில் தனபாலின் விரல்களைப் பிடித்து விலை பேசி முடித்தார். கயிறு கை மாறியது. பிறகு கதிரேசன் மஜீதிடம் வந்தார். "ஓட்டுனவர் நீங்க. ஏதாச்சும் கொணம் இருந்தா சொல்லிப்போடுங்க பாய். எந் தம்பி புதுசா ஓட்டறவன். தெரியாம அடிச்சுக்கிடிச்சுப் போடுவான்."

அடி என்றதும் மஜீத் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். லாரி, கயிறு, வலது தோள், வலது ஓரம். சொல்லி முடித்துத் திரும்பினால் பின்னால் தனபால்.

"ஏன் பாய் எங்கிட்டச் சொல்லல?"

"வித்துப்போடுவீங்கன்னு பயந்துட்டனுங்க."

"தெரிஞ்சிருந்தா சம்பந்திகிட்ட எதையாவது சொல்லிச் சமாளிச்சிருப்பனே. இவளுக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சுத்தான பாய் வித்தேன்!"

கதிரேசன் இருவரையும் பார்த்துவிட்டுக் கயிற்றை நீட்டினார். "மனசில்லீன்னா திருப்பிக் கட்டிக்கங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டனுங்க."

தனபாலின் கை பாதிவரை போனது. "இல்லீங்க, குடுத்த கவுறத் திருப்பி வாங்குனா நல்லாருக்காதுங்க. கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வீட்டில் மனைவி யாஸ்மின் கேட்டார்: "நெசமாவே குதிரைய வித்துருவாருன்னுதான் பயந்தீங்களா?"

"பாதி அது. பாதி எம் பேரு கெட்டுருமேன்னு" என்றார் மஜீத்.

லாயம் இடிபடவில்லை, பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு தனபாலே பிடிவாதமாக வேறொரு குதிரை வாங்கிக் கட்டினார். ஓட்டுவதற்கு மஜீதையே கூப்பிட்டார். இந்த வருடச் சித்திரைப் பந்தயத்தில் வலது ஓரம் மறுபடியும் அவர்களுக்கே விழுந்தது. நடு இடத்தில் கதிரேசனின் தம்பி நின்றான், வண்டியில் மைனாவோடு. இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று அவன் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம்.

மஜீத் தனபாலைப் பார்த்தார். தனபால் மைனாவைப் பார்த்தார்.

"என்ன பாய், கை இருக்குதுல்ல?"

மஜீத் வண்டியைப் பின்னால் எடுத்து, ஓரத்தை விட்டுக்கொடுத்தார்.

மைனா ஓரத்தை ஒட்டியே பறந்தது. டிரம்மைச் சுற்றித் திரும்பிய பிறகு மஜீதுக்கு முன்னால் அது மட்டும்தான். புதிய குதிரையை விரட்டுவதற்காக, பழக்கத்தில், "போ கண்ணு" என்றார். புதிய குதிரை அதைக் காதில் வாங்கவில்லை. முன்னால் போன மைனாவின் காதுகள் பழகிய குரலைக் கேட்டுப் பின்பக்கம் திரும்பின. ஒரு கணம் நடை தளர்ந்தது.

அதற்குப் பிறகு எல்லைக் கோடு வரைக்கும் மஜீத் வாயைத் திறக்கவில்லை.