ஏசத் தெரியாத பிரதாபன்

என் புருசன் பிரதாபனுக்கு ஏசத் தெரியாது. இதை ஒரு பெருமை என்று நினைக்கவேண்டாம். பதினாறு வருடமாக அந்தக் குணத்தோடு குடும்பம் நடத்துகிறவள் நான்.

வேலணையில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். வீட்டு விறாந்தையில் நாலடிக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல்தண்ணீர், கொழும்பிலிருந்து எடுப்பித்த பவளத் துண்டுகள், ஆறு வருடம் வளர்த்த ஒரு சோடிக் கோமாளி மீன். அதைப் பார்த்து ஆசைப்பட்டுத் தீவுப்பகுதி முழுக்க ஆட்கள் தொட்டி வைத்தார்கள். வைத்தவுடன் இவருக்குப் போன். தண்ணீர் பழக ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பொறுக்கச் சொன்னால் ஆறாம் நாளே மீனை விட்டுவிடுவார்கள். புதுவீடு குடிபூரலுக்கு நாள் வைத்தாயிற்று என்று ஒருவன் இருபது மீனை ஒன்றாகக் கொட்டினான். ஒருத்தி மஞ்சள் கரைத்து ஊற்றினாள், கிருமி சாகுமாம். பிறகு செத்த மீனைப் படமெடுத்து அனுப்புவார்கள். நான் சோற்றில் கைவைக்கிற நேரம் பார்த்து அந்த வீங்கின வயிறும் வெளுத்த கண்ணும் வந்து சேரும். எனக்குக் குமட்டும். இவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "பரவாயில்லைத் தம்பி, முதலில இருந்து சொல்லுறன்" என்று தொடங்குவார்.

எல்லாரிலும் மோசம் இறுப்பிட்டிச் சுலக்சன், குறிகட்டுவான் பஸ்ஸில் கொண்டக்டர். நாலு மாதத்தில் மூன்று தரம் மீன் செத்தது. இவர் படித்துப்படித்துச் சொன்னது ஒரே விஷயம். காற்றுக்குத் தொட்டித் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. வற்றின அளவுக்கு நல்ல தண்ணீர்தான் விடவேண்டும், கடல்தண்ணீர் விட்டால் உப்பு ஏறி மீன் சாகும். எல்லாவற்றுக்கும் "ஓம் அண்ணை." உப்பு எவ்வளவு நிற்கிறது என்று கேட்டால், எவ்வளவு நிற்கவேண்டும் என்று இவர் சொல்லிக்கொடுத்தாரோ அதே இலக்கத்தைச் சுலக்சன் திருப்பிச் சொல்வார். கடைசியில் தொட்டியை உடைக்கப்போகிறேன் என்று சுலக்சன் அழாக்குறையாகச் சொன்னதும் என் புருசன் என்ன செய்தார் தெரியுமா? அந்தச் சோடி மீனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை.

பதினோராம் நாள் காலை போன். பெரிய மீன் சரிந்து கிடக்குதாம். நானும் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். துணைக்கு அல்ல, அந்த மனுசனை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க.

பெரியது செத்திருந்தது. சின்னது பக்கத்தில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தது. தொட்டி விளிம்பெல்லாம் உப்புப் பொருக்கு. ஒரு நாற்றம் வேறு. சுலக்சனின் மனைவி துஷாந்தி எனக்கு ஒரு செம்பு தண்ணீர் தந்தாள். இரண்டு மிடறு குடித்துவிட்டு மிச்சத்தை முற்றத்தில் ஊற்றினேன். எங்கள் கிணறு நல்ல தண்ணீர். எனக்கு அது பழக்கம். துஷாந்தியின் கண் அந்த நனைந்த மண்ணிலேயே நின்றது.

"தண்ணி எங்க எடுக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"கிணறு ஒரே உப்புச் சவர் அக்கா. தண்ணி லொறி, பவுசர், கிழமைக்கு ஒருக்காத்தான் வரும். குடிக்கவும் சமைக்கவுமே காணாது, மீனுக்கு எப்பிடி ஊத்திறது? இவர் கடல்தண்ணிதான் விடுறவர்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நாலு மாதமா ஏன் காணும் பொய் சொன்னனீர்?" என்று கத்தினேன்.

சுலக்சன் என்னைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தார். "அண்ணை ஒருநாளும் ஏசேல்லை. ஏசியிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பன். அவ்வளவு பொறுமையாச் சொல்லித்தாறவரிட்ட, குடிக்கவே தண்ணியில்லை எண்டு எப்பிடி அக்கா சொல்லுறது?"

"நான் கேட்டிருக்கவேணும்" என்றார் பிரதாபன். வேலணைக்குத் திரும்பி ஒரு கான் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, பின்னேரம் வரை சொட்டுச்சொட்டாகத் தொட்டிக்குள் விட்டார். சின்னது தப்பியது.

நான் கதிரையில் இருந்தேன். நாற்றம் மூக்கில் இருந்தது, ஆனால் இந்த முறை குமட்டினது அதற்கு அல்ல. அந்த வீட்டுத் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு அந்த வீட்டு மனுசனுக்கே புத்திசொல்ல நின்ற என்னை நினைக்க எனக்கே சீ என்று இருந்தது.

இப்போது சனிக்கிழமைதோறும் இவர் இறுப்பிட்டிக்குப் போகையில் மோட்டார் சைக்கிளில் இரண்டு கான் கட்டிவிடுவது நான்தான். ஒன்று மீனுக்கு. மற்றது எதற்கென்று நான் சொல்லிவிடவில்லை, துஷாந்தியும் இன்றுவரை கேட்கவில்லை.