கதவைச் சாத்தச் சொன்னது நான்தான்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு யூன் மாதக் காலைப்பொழுதில் நடந்தது இது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் எங்கள் வீடு. அந்த மாதங்களில் அந்தப் பக்கம் குடியிருந்தவர்களுக்குக் கடற்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பல்கனியைத் திறந்தால் அறைக்கதவுகள் தானாக அடித்துச் சாத்தும். காயப்போட்ட உடுப்பு அடுத்த வீட்டுக்காரரின் பல்கனியில் போய்க் கிடக்கும். ஆனாலும் அந்தக் காற்றுக்கு ஆசைப்பட்டுத்தான் அந்த வீட்டையே எடுத்தோம்.

மகளுக்கு அப்போது பத்து மாதம். ஓரிடத்தில் இருக்காமல் தவழ்ந்து திரிகிற வயது. நான் பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அந்த நாட்களில் சம்பளமில்லாத லீவில் நின்றேன். கணவருக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலில் வரும் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் வேலை. காலை ஏழரைக்கெல்லாம் வீட்டைவிட்டு இறங்கிவிடுவார்.

அன்றைக்கு ஏழேகால் இருக்கும். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, கூடத்தில் விளையாட்டுச் சாமான்களோடு இருத்திவிட்டு, குசினியில் அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். படுக்கையறைக் கதவு காற்றுக்கு இரண்டு தரம் படார் என்று அடித்தது. முந்திய கிழமை இதே சத்தத்துக்குத்தான் பிள்ளை நித்திரையால் திடுக்கிட்டு எழும்பி, அரை மணித்தியாலம் அழுதிருந்தாள். அந்த எரிச்சலில், நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, அந்தக் கதவைச் சாத்திவிடுங்கோ. காத்துக்கு அடிச்சுக்கொண்டு நிக்குது."

அறைக்குள் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றவர், ஒரு கையால் சேர்ட் பொத்தானைப் பூட்டியபடி மற்றக் கையால் கதவைத் தள்ளிச் சாத்தினார். கதவுக்கு அந்தப் பக்கம், நிலையோடு ஒட்டி இருந்துகொண்டு, கதவு திரும்புகிற பிணைச்சல் இடுக்குக்குள் பிள்ளை விரலை விட்டிருந்தாள். கதவுப் பலகை மறைத்ததில் அவருக்கு அது தெரியவில்லை. குசினியில் நின்ற எனக்கும் தெரியவில்லை.

முதலில் சத்தமே வரவில்லை. வாயைத் திறந்தபடி அவளுக்கு மூச்சு நின்றுபோனது போலிருந்தது. பிறகு வந்த அழுகையை எழுத எனக்குத் தெரியாது. வலக்கை மோதிரவிரலின் நுனி, நகத்தோடு சேர்ந்து, கொஞ்சத் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பிள்ளையைத் தூக்கி, சுத்தமான சால்வை ஒன்றால் கையைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினேன். லிப்டுக்குக் காத்து நிற்கிற பொறுமை இல்லை. அவர் வெறுங்காலோடு பின்னால் ஓடி வந்தார். காலி வீதியில் அலுவலக நேரத்து நெரிசல். ஓட்டோக்காரர் பின்னுக்குத் திரும்பி ஒருமுறை பார்த்தார். விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டே குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டார்.

என்ன நடந்தது என்று டொக்டர் கேட்டார். "இவர் கதவைச் சாத்திப்போட்டார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கணவர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். வாய் திறக்கவில்லை.

மயக்க மருந்து கொடுத்துத்தான் தைக்க வேண்டும், ஆனால் பால் குடித்து நாலு மணித்தியாலம் கழிய வேண்டும், அதுவரை ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார்கள். நோவும் பசியும் சேர்ந்து பிள்ளை துடித்தாள். என் நெஞ்சில் முகத்தை வைத்து வைத்துப் பால் தேடினாள். அதைப் பார்த்த நேர்ஸ் ஒருவர், தாயின் மணத்துக்குத்தான் பிள்ளை இன்னும் பால் கேட்கிறது, கொஞ்ச நேரம் தகப்பன் வைத்திருக்கட்டும் என்று சொன்னார். நல்ல யோசனைதான். கணவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கிட்ட வந்தார்.

"நீங்கள் பிள்ளையைத் தொட வேண்டாம். செய்தது காணும்."

இப்படித்தான் சொன்னேன். நேர்ஸுக்குத் தமிழ் விளங்கியதோ இல்லையோ, என் குரல் விளங்கியிருக்கும். அவர் வேறு பக்கம் திரும்பிவிட்டார். கணவர் நீட்டிய கைகளை மெதுவாக எடுத்துக்கொண்டு, சுவரோரமாகப் போய் நின்றார். ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கூப்பிடும்வரை நான்தான் பிள்ளையை வைத்திருந்தேன். பால் சுரந்து என் சட்டை நனைந்துபோனது. அவள் அந்த நேரத்தில் அழுத அழுகையில் பாதி என் பிடிவாதத்தால் அழுதது.

தைத்து முடித்து வந்த டொக்டர், விரல் நுனி ஒட்டுமா, கறுத்து விழுமா என்று இப்போது சொல்ல ஏலாது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஊசி மருந்துக்காக மூன்று நாள் வார்ட்டில் வைத்தார்கள்.

வார்ட்டில் தாய்மார் மட்டும்தான் நிற்கலாம். தகப்பன்மார் மத்தியானமும் பின்னேரமும் பார்க்கிற நேரத்துக்கு வந்து போக வேண்டும். அந்த மூன்று நாளும் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கில்லை. கேட்ட எல்லோருக்கும் ஒரே கதையைத்தான் சொன்னேன்: வேலைக்குப் போகிற அவசரத்தில் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டார். சாத்தச் சொன்னது நான் என்பதைச் சொல்லவில்லை. முதல் இரண்டு மூன்று பேருக்குச் சொல்லும்போது அது எனக்கு நினைவில் வரவில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஆறாவது ஏழாவது ஆளுக்குச் சொல்லும்போது, நான் எதை விடுகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே விட்டேன்.

கணவரின் அக்கா கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். நான் ஆஸ்பத்திரியில் நின்றதால் அந்த நாட்களில் இவர் அங்கேதான் தங்கினார். மச்சாள் எனக்குக் கோல் எடுத்து, பிள்ளைக்காகக் கொச்சிக்கடைக் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருப்பதாகச் சொன்னார். தம்பியையும் நன்றாக ஏசினாராம். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாய் என்று கேட்டாராம். அதைக் கேட்க எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மையைத்தானே எழுத வேண்டும்.

அவர் இரண்டு நேரமும் தவறாமல் வந்தார். சுடுதண்ணீர்ப் போத்தல், பிள்ளையின் பம்பர்ஸ், மடித்த என் உடுப்புகள் எல்லாம் சொல்லாமலே கொண்டுவருவார். அவரைக் கண்டதும் பிள்ளை சிரித்துக்கொண்டு, துணி சுற்றிய பெரிய கையும் சேர்த்து இரண்டு கையையும் தூக்குவாள். அவர் கட்டிலின் கால்மாட்டில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்று அவளோடு கதைப்பார். மணியடித்ததும் போய்விடுவார். பிள்ளையைத் தூக்கவும் மனமில்லாத மனிதர் என்று அதையும் அவர் கணக்கிலேயே குற்றமாக எழுதினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், அவர் போன பிறகு, பக்கத்துக் கட்டில் தாய் என்னிடம் ஒன்று கேட்டார். களனியில் இருந்து வந்திருந்த சிங்களப் பெண் அவர். அவருடைய மகன் சுடுதண்ணீரை இழுத்து ஊற்றிக்கொண்டிருந்தான். சுற்றிவளைக்காமல் கேட்கிற பேர்வழி. என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். என் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாளாகக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

"நங்கி, வந்து போறவர் பிள்ளையின்ர அப்பாவா, இல்லாட்டி வேற ஆரும் சொந்தக்காரரா?"

அப்பாதான் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று நாளாகத் தான் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், பிள்ளை கையை நீட்ட நீட்ட அந்த மனிதர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதாகவும், ஒருமுறை நான் குளியலறைக்குப் போயிருந்த நேரம், பிள்ளை கட்டில் விளிம்புவரை தவழ்ந்து வந்தபோது அந்த மனிதர் தன்னைக் கூப்பிட்டுப் பிள்ளையைப் பிடிக்கச் சொன்னதாகவும் சொன்னார். தகப்பன் என்றால் தானே பிடித்திருப்பாரே என்றுதான் யோசித்தாராம்.

எனக்குத் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றியது போல் இருந்தது. தொட வேண்டாம் என்று நான் ஒரு கோபத்தில் சொல்லிவிட்டு, சொன்னதையே மறந்துவிட்டேன். அவர் அதை மறக்கவில்லை. மூன்று நாளாக அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றிருக்கிறார். விழப்போகிற பிள்ளையைப் பிடிக்கக்கூடப் பக்கத்துக் கட்டில்காரியைக் கூப்பிட்டிருக்கிறார்.

கதவைச் சாத்தச் சொன்னது நான்தான் என்று அந்தப் பெண்ணிடம்தான் முதன்முதலில் சொன்னேன். உடைந்த சிங்களத்தில் சொன்னேன். தமிழில் யாருக்கும் சொல்லத் துணியாததை இன்னொரு பாஷையில், இனிமேல் காணப்போகாத ஒருவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, பின்னேரம் அவர் வந்தால் சொல்லு என்றார்.

பின்னேரம் அவர் வந்து, வழக்கம்போலக் கால்மாட்டில் நின்றார். பிள்ளையைத் தூக்குங்கோ என்றேன். வேண்டாம், நீரே வைத்திரும் என்றார். நான் அன்றைக்குச் சொன்னதற்காகவா என்று கேட்டேன். தனக்கும் பயமாக இருக்கிறது, தன் கைபட்டு இன்னும் ஏதும் ஆகிவிடுமோ என்று இருக்கிறது என்றார். நான் எழும்பிப் போய்ப் பிள்ளையை அவர் கையில் வைத்தேன். அவள் துணி சுற்றிய கையால் அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டு, அவர் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவருடைய தோள் குலுங்கியது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"சாத்தச் சொன்னது நான்தானே. ஏன் நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

திரும்பாமலே சொன்னார்: "சொல்லி என்ன? பிறகு உம்மையும் எல்லாரும் கேப்பினம். நீர் இஞ்ச பிள்ளையோட தனிய நிக்கிறீர். ஏச்சு வாங்க ஒராள் காணும்."

அன்றைக்கே மச்சாளுக்கு எடுத்து நடந்ததை முழுதாகச் சொன்னேன். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவன் மூன்று நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போகிறான், நான் வேறு அவனை அந்தப் பேச்சுப் பேசிவிட்டேன் என்று சொல்லி அழத் தொடங்கினார். அம்மாவுக்கும் சொன்னேன், என் சிநேகிதிகளுக்கும் சொன்னேன். சிலர், அதில் உன் பிழை என்ன இருக்கிறது என்றார்கள். உண்மைதான். அவர் பிழையும் அதே அளவுதான் இருந்தது.

ஆனால் விரலின் நிலை இன்னும் தெளிவாகவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கிழமையில் மருந்து மாற்றப் போனபோது, துணியை அவிழ்த்ததும் நுனி கறுப்பாக இருந்தது. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளையின் கையை அசையாமல் பிடிக்க ஒருவர் வேண்டும். நான் கேட்காமலே அவர் முன்னுக்குப் போய், அவளை மடியில் இருத்தி, அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் அலற அலற, லிப்ட் எப்படி மேலே போகும், எப்படிக் கீழே வரும் என்று காதுக்குள் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் நடுங்கியது, கை நடுங்கவில்லை. அதற்குப் பிறகு எல்லா முறையும் அவர்தான் பிடித்தார். நாலாம் முறை கறுப்பு ஓடு போலக் கழன்று, அடியில் ரோசா நிறத்தில் புதுத் தோல் தெரிந்தது. டொக்டர் சிரித்துக்கொண்டு, இனிப் பயமில்லை என்றார். நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தோம். அவ்வளவு ருசியான தேத்தண்ணீரை நான் குடித்ததில்லை.

இப்போது மகள் பாலர் பாடசாலைக்குப் போகிறாள். அந்த விரலில் நகம் கொஞ்சம் கோணலாக வளர்கிறது. மற்றபடி அதே கையால்தான் சுவரெல்லாம் கிறுக்குகிறாள். அதற்குப் பிறகு நாங்கள் சண்டையே போடுவதில்லை என்று சொன்னால் பொய். சண்டை வரும். ஓரிரு முறை அந்தக் கதவுக் கதை என் நாக்கு நுனிவரை வந்திருக்கிறது; கடித்து விழுங்கியிருக்கிறேன். அவர் மட்டும் இன்றுவரை ஒரு நாளும், நீர் சொல்லித்தானே சாத்தினேன் என்று சொன்னதில்லை.

அந்த மூன்று நாளும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள டொக்டர்மார், நேர்ஸ்மார், நான் என்று எத்தனையோ பேர் இருந்தோம்; அதே அளவு காயப்பட்டு நின்ற அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இருக்கவில்லை என்பதும், இருந்திருக்க வேண்டியவள் நான்தான் என்பதும் இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன.