ரொக்கெத்தோவின் கோட்டு

என் அம்மா தெல்ஃபினாவுக்கு ஒரே தம்பி, செகோந்தோ மாமா. டூரினில் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டது எங்கள் வீட்டார் மட்டும்தான். ஊருக்கு அவர் ரொக்கெத்தோ, அதாவது நூற்கண்டு. நடித்த ஊமைப்படங்களில் மாடிப்படியில் அப்படித்தான் உருண்டு வருவார். டிராமில் ஏறினால் கண்டக்டர், "ரொக்கெத்தோ, இங்க விழுந்து வெக்காதப்பா" என்பான். மாமாவுக்கு அன்றைக்கு அது போதும், சாப்பாடுகூட வேண்டாம்.

ஒரு ஜனவரியில், இருமலோடு இருந்தவரைப் படத்துக்காக ஆற்றில் குதிக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். வேலை போயிற்று, கூடவே பெயரும். அது படக் கம்பெனியின் சொத்தாம். ஜெனோவாக்காரன் ஒருவனை ரொக்கெத்தோ ஆக்கிவிட்டார்கள்.

படத்தில் ரொக்கெத்தோ மாட்டும் கட்டம் போட்ட கோட்டு அம்மா தைத்தது. விழுந்தால் அடிபடாமல் இருக்க முதுகிலும் இடுப்பிலும் கம்பளி அடைத்திருப்பாள். புது ஆள் பருமன். தையலைப் பிரித்துப் பெரிதாக்கச் சொல்லி அம்மாவிடமே அனுப்பினார்கள். மாமா அப்போது எங்கள் வீட்டில் பொலெந்தா என்கிற சோளக்களி தின்றுகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு, எல்லா வீட்டு வாசலையும் சேர்க்கும் நடைமாடிக்குப் போனார்.

எதிர்வரிசை செலெஸ்தா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "ரொக்கெத்தோ, எங்களுக்காக ஒருதரம் உருளேன். படிய இப்பத்தான் கழுவினேன், சும்மா வழுக்கும்."

கதவுகள் திறந்தன. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். மாமா படியின் விளிம்பு வரை போய் நின்றார். கீழே பார்த்தபடியே கோட்டைக் கழற்றினார்.

"இது வேற ஆளோடது, செலெஸ்தா."

உள்ளே வந்து அம்மாவிடம் கொடுத்தார். "அக்கா, அவன் இடது பக்கமா விழறான். அவனோட பழைய படத்துல பாத்தேன். அங்க இன்னுங் கொஞ்சம் கம்பளி வையி."

"உன் சோத்துல கைய வெச்சவனுக்காடா?"

"விழறது ரொக்கெத்தோ, அக்கா. அடிபடக் கூடாது."

அம்மா வைத்துத்தான் தைத்தாள், திட்டிக்கொண்டே.

பிறகு மாமா மோட்டார் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கப் போனார். பேசும் படம் வந்தது, அந்த ஜெனோவாக்காரனையும் ஊர் மறந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு டிராமில் ஏறும்போதெல்லாம் மாமா படியில் வேண்டுமென்றே கால் தடுக்கிக்கொள்வார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் புதுக் கண்டக்டர் ஒருவன் ஓடிவந்து முழங்கையைப் பிடித்தான்.

"பாத்து ஏறுங்க, பெரியவரே."

பெயர் சொல்லிக் கூப்பிடுவானா என்று மாமா அவன் முகத்தையே பார்த்தார். அவன் டிக்கெட்டுக்குக் கை நீட்டினான். மாமா சில்லறை எடுத்தார்.