நனைந்த சாக்கு

முதல் வகுப்பில் எங்களுக்குக் கற்றுத் தரப்பட்டது, முகம் சுளிக்காமல் இருப்பது. ஒயின் நிபுணர் அதை அந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. "நாக்குக்கு அவகாசம் கொடுங்கள்" என்றார். நாங்கள் பதினோரு பேரும் கொடுத்தோம். என் பக்கத்தில் இருந்தவர் வெலிங்டன் தீவுத் துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். கஷாயம் குடித்த குழந்தையின் கண்களோடு அவர், "அபாரம்" என்றார்.

மட்டாஞ்சேரியில் காயலைப் பார்த்தபடி இருக்கும் அந்த ஓட்டல், சில வருடங்களுக்கு முன்புவரை சுக்குக் கிடங்காக இருந்தது. ஒரு சுவரை மட்டும் காரை பெயர்ந்தபடியே விட்டு, அதற்கு மேல் விளக்கு போட்டிருந்தார்கள். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒயின் வகுப்பு, மொத்தம் ஆறு வாரம். நான் வேலை பார்த்த மலையாளப் பத்திரிகை, வாரம் ஒரு கட்டுரை எழுதச் சொல்லி என்னை அனுப்பியது. எங்கள் ஆசிரியர் குழுவில் அந்த ஓட்டலுக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருந்தவன் நான் ஒருவன்தான். வேறு தகுதி கிடையாது. அதுவரை நான் குடித்த ஒயின், கிறிஸ்துமஸுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் பீங்கான் பரணியில் ஊறவைத்துத் தருவது மட்டுமே. அதைக் கேக்கோடு தருவார்கள். எதோடு எது சேரும் என்று அந்த வீட்டில் யாரும் வகுப்பு எடுத்ததில்லை.

நிபுணர் பெங்களூரிலிருந்து வந்தவர். பிரான்சின் வட்டாரங்களை எங்களூர் பஸ் நிறுத்தங்களைப் போல வரிசையாகச் சொல்வார். திராட்சைகளுக்கும் அவரிடம் குணநலன்கள் இருந்தன: ஒன்று கூச்ச சுபாவம், ஒன்று முன்கோபம், ஒன்று பெருந்தன்மை. கோப்பையில் மூக்கை விட்டால் கருந்திராட்சை, ராஸ்பெர்ரி, செடார் மரம், குதிரைச் சேணம் எல்லாம் தெரிய வேண்டும் என்றார். எங்களில் ஒருவரும் ராஸ்பெர்ரியைக் கண்ணால் பார்த்ததில்லை. குதிரைச் சேணத்தின் அருகே நின்றவர்களும் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது.

மண்ணின் சுவை திராட்சைக்குள் இறங்கும் என்பது மூன்றாவது வாரத்துப் பாடம். துறைமுகத்தைத் தூர்வாரிய சேற்றை மேடாக்கி உண்டானதுதான் வெலிங்டன் தீவு. அந்தக் கணக்கில் அங்கே காய்க்கும் தேங்காய் டீசல் மணக்க வேண்டும். துறைமுகக்காரரிடம் கேட்டேன். முப்பது வருடம் அந்தத் தேங்காயைத் தின்றவர் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப நினைச்சுப் பார்த்தா, ஒரு லேசான டீசல் உண்டு" என்றார்.

நான்காவது வாரம் உணவுப் பொருத்தம். மீன் மோலிக்கு எந்த வெள்ளை ஒயின், மாட்டிறைச்சி வறுவலுக்கு எந்தச் சிவப்பு என்று பட்டியல் தந்தார். எங்கள் வீடு சைவம். தமிழ்ச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும் என்று கேட்டதற்கு, ரசத்துக்கு ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் நன்றாக இருக்கும் என்றார். ஒரு கோப்பை வாங்கி வந்து என் மனைவியிடம் நீட்டினேன். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "ரசத்துக்கு அப்பளம் போதும். இதுக்கு வேணா தனியா ஒரு ரசம் வைக்கணும்" என்றாள். அந்த வாரக் கட்டுரையில் இந்த வரியைச் சேர்க்கவில்லை. அதுதான் அந்த வாரத்தின் ஒரே செய்தி.

அந்த ஓட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெண் எங்கள் தெருக்காரர். நாற்பதை நெருங்கும் வயது. தமிழ்க் குடும்பம், அவர் கணவருக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. ஓட்டல் கிடங்காக இருந்தபோது அதே கட்டடத்தில் பத்து வருடம் சுக்கு தரம் பிரித்தவர். பூசணம் பிடித்ததைப் பொறுக்கி எடுப்பது அவர் வேலை. கிடங்கு கைமாறியபோது, சுவரைப் போலவே அவரையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். சுவருக்கு மட்டும் விளக்கு போட்டார்கள்.

பழைய வேலையின் நினைவு வருமா என்று கேட்டேன். கட்டுரைக்கு ஒரு உருக்கமான வரி கிடைக்கும் என்ற கணக்கு.

"என்ன நினைவு அண்ணே? பொடி நெஞ்சுல கட்டி பத்து வருஷம் இருமினதா? இங்க ஏசி இருக்கு. கைதான் போச்சு, பாருங்க" என்று விரல்களைக் காட்டினார். சோப்புத் தண்ணீரில் ஊறி, நகக்கண் எல்லாம் வெடித்திருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற வேலைக்கு இரண்டு இடம் காலியாக இருந்தது. அவருக்கு அதில் ஒன்று வேண்டும். கழுவுமிடத்திலிருந்து வெளியே வர வேறு வழி இல்லை. மேனேஜர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: கடைசி வகுப்பில் விருந்தினர் முன்னால் நின்று ஒரு ஒயினைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். விண்ணப்பித்த மற்ற இருவர் ஓட்டல் படிப்பு படித்தவர்கள்.

அவர் தயாரானது மிச்சத்தில். கழுவ வருகிற கோப்பைகளை, அடியில் நிற்கும் ஒரு சொட்டோடு முகர்ந்துவிட்டுத்தான் தண்ணீரில் போடுவார். என் குறிப்புகளை வாங்கிப் படித்தார். தமிழைவிட மலையாளம் அவருக்கு வேகமாக வரும். "இந்தக் குதிரை எல்லாம் எனக்குத் தெரியாது. நேத்து வந்த குப்பி இன்னைக்கு வந்தா மூக்கு சொல்லிடும். குடிக்கவே வேண்டாம், கேட்டீங்களா" என்றார்.

பக்கத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்த கணவர், "நான் தெருவுல காலிக் குப்பி பொறுக்கறேன், இவ நிறைஞ்ச குப்பி திறக்கப் போறா. தொழில் ஒண்ணுதான்" என்றார்.

"ஒண்ணாவது நிறையட்டுமேன்னுதான்" என்றார் மனைவி.

ஆறாவது புதன்கிழமை நல்ல மழை. நிபுணர் வைட்டிலா சந்திப்பில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு, கடுமையான ஜலதோஷத்தோடு வந்து சேர்ந்தார். ஒவ்வொரு ஒயினுக்கும் முன்னும் பின்னும் மூக்கைச் சிந்தினார். முகர்ந்து பார்க்கிற தொழிலுக்கும் ஜலதோஷத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓட்டல் படிப்புக்காரர்கள் இருவரும் முதல் இரண்டு குப்பிகளையும் "நளினமானது" என்று சொல்லி முடித்தார்கள். மூன்றாவது பர்கண்டியிலிருந்து வந்த பினோ நுவார், எல்லாவற்றிலும் உயர்ந்தது. நிபுணர் கோப்பையைச் சுழற்றி, கண்ணை மூடி, "ஈரமான காட்டுத் தரை" என்றார். துறைமுகக்காரர் "காளான்" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். பல் டாக்டர் அம்மாள் ஒருவர் "பழைய நூலகம்" என்றார். பத்திரிகையில் அன்றைய பக்கம் முடிகிற நேரம். செல்போனிலேயே கட்டுரையை முடித்தேன். 'ஒரே மடக்கில் மழைக்குப் பிந்தைய காடு' என்று எழுதி அனுப்பினேன். உண்மையில் எனக்கு அதில் மட்டாஞ்சேரியின் ஜூன் மாதம் மணந்தது. ஆனால் ஜூனில் இங்கே தலையணையும் அப்படித்தான் மணக்கும். அதனால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மேனேஜர் கோப்பை கழுவும் பெண்ணை அழைத்தார். சலவைப் புடவை கட்டி, கையைப் பின்னால் மறைத்து நின்றிருந்தவர் முன்னால் வந்து கோப்பையை வாங்கினார். ஒரு தடவை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"சேச்சி, பறயு" என்று பேசச் சொன்னார் மேனேஜர்.

"சாக்கு நனைஞ்ச மணம்."

நிபுணர் கை தட்டினார். ஆறு வாரமாக எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான் என்றார். இந்த மண்ணின் சொல், சணல், ஈரம், என்ன துல்லியம்! கூடமே கை தட்டியது. துறைமுகக்காரர் காளானுக்கு அருகில் 'சாக்கு' என்று சேர்த்துக்கொண்டார். அங்கே நிறுத்தியிருந்தால் வேலை அவருக்குத்தான். மேனேஜர் சம்மதமாகத் தலையை அசைத்துவிட்டார், நான் பார்த்தேன்.

அவர் நிறுத்தவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "இல்ல சாரே. இது கேடாயிப் போச்சு. கெஸ்டுக்குக் கொடுக்கக் கூடாது" என்றார்.

மேனேஜர் சிரித்தார். "சேச்சி, இது சுக்கு அல்ல."

"அதே மணம்தான் சாரே. பூசணம் பூத்த சாக்கை நாங்க தனியா மாத்தி வைப்போம். கப்பல்ல ஏத்த மாட்டோம். இதே மாதிரி வேற குப்பி இருந்தா திறந்து பாருங்க."

பேச்சை முடித்துவைக்கத்தான் மேனேஜர் அதே ஒயினில் இன்னொன்றைத் திறந்தார். இரண்டு கோப்பைகளையும் மேசையைச் சுற்றி அனுப்பினார்கள். புதியதில் பழம் மணந்தது. எனக்கே தெரிந்தது. பழையதில் நனைந்த சாக்கைத் தவிர ஒன்றும் இல்லை.

நிபுணர் மூக்கைச் சிந்திவிட்டு, தக்கையில் பூசணம் பட்டால் ஒரு குப்பி இப்படி ஆவது உண்டு என்றும், யாராவது கண்டுபிடிக்கிறீர்களா என்று பார்த்ததாகவும் சொன்னார். துறைமுகக்காரர் தனக்கு முதலிலேயே சந்தேகம் என்றார்.

நான் வெளியே போய் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். "அந்தக் காட்டை எடுத்துட முடியுமா?"

"எந்தக் காடு சாரே? பேஜ் போயி."

மறுநாள் காடு அச்சில் வந்தது. இரண்டு இடங்களும் நளினக்காரர்களுக்குப் போயின. மேனேஜர் என்னிடம் தன் நியாயத்தைச் சொன்னார்: விருந்தினர் வாயில் ஒயின் இருக்கும்போது அது கெட்டது என்று சொல்கிறவரை எப்படி மேசையருகே நிறுத்துவது? ஆனால் ஒரு உயர்ந்த குப்பி வீணானது அவருக்கு உறைத்திருந்தது. தக்கை போட்ட குப்பிகளைத் திறந்து முகர்ந்து பார்த்து வெளியே அனுப்ப, உள்ளறையில் அந்தப் பெண்ணுக்கென ஒரு வேலையை உண்டாக்கினார். ஏசி உண்டு, ஜன்னல் கிடையாது. விருந்தினர் யாரும் அவரைப் பார்க்க முடியாது.

"முன்னால நிக்கணும்னு இருந்துது. போகட்டும். தண்ணியில கை வைக்க வேண்டாம்" என்றார் என்னிடம்.

என் கட்டுரையை மேனேஜர் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். இரண்டு மாதம் கழித்து நான் அங்கே போனபோது அதன் முன்னால் நின்று வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தார் அவர். வரியின் மேல் ஓடிய விரலில் வெடிப்பு ஆறியிருந்தது.

"அண்ணே, இந்தக் காடு அந்தச் சாக்குக் குப்பிதானே?"

"ஆமாம்."

"நல்லா எழுதியிருக்கீங்க. கெட்டதுன்னு தெரியவே தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதைப் படிச்சிட்டு வந்து அந்த ஒயினையே கேக்கறாங்க. ரெண்டு பேர் குப்பியைத் திருப்பி அனுப்பிட்டாங்க. காடு மணக்கலையாம்."

"நீ என்ன சொன்னே?"

"நல்ல குப்பி, அதுல எங்கே காடு? மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். இனி கெட்டது ஒண்ணு வந்தா, இவங்களுக்குன்னு தனியா மாத்தி வைக்கறேன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"யோசிக்கிறார், அண்ணே."